கடாரக் கரையும் கடல்கோளும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை மணி 8.59-க்கு வட சுமத்திராவின் மேற்கே கடலடியில் நிலத்தட்டு முறிந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. முறிவு வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அது தொடங்கிய இடத்திலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். கெடாவின் கோத்தா கோலா மூடா ஏறக்குறைய 550 கிலோமீட்டர்தான். ஆனால் நாகப்பட்டினத்தை அலை இரண்டரை மணி நேரத்தில் எட்டிவிட்டது. கோத்தா கோலா மூடாவுக்கு வந்து சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

அருகில் இருந்த ஊருக்கு அலை தாமதமாக வந்தது, தொலைவில் இருந்த ஊருக்கு முந்திப் போனது. அவையோரே, இன்றைய சொற்பொழிவின் பொருள் இந்த முரணில்தான் இருக்கிறது. சுனாமி எப்போது வரும், எவ்வளவு உயரம் எழும், எந்தத் தெரு வரை ஏறும் என்பதை நிலநடுக்கம் மட்டும் முடிவு செய்வதில்லை. கடலடியின் ஆழம், தீவுகளின் இருப்பு, ஆற்றுவாய், சேற்றுத் திட்டு, மணல்மேடு, சதுப்புக் காடு ஆகிய எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவை கண்ணால் பார்க்கக்கூடியவை, முன்கூட்டியே படித்து வைக்கக்கூடியவை. கெடாவில் வாழும் தமிழர் இவற்றைப் படித்துவைப்பது அவசியம்.

முதலில் ஆழம். ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், ஜெட் விமானத்தை ஒட்டி ஓடும். 50 மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். வங்கக் கடல் ஆழமானது, தடையில்லாதது. நாகப்பட்டினத்துக்கு அலை நேராகப் பாய்ந்தது. கெடாவுக்கு வர வேண்டிய அலைக்குச் சுமத்திரா குறுக்கே நின்றது. ஆச்சே முனையைச் சுற்றிக்கொண்டு அந்தமான் கடல் வழியாக அது மலாக்கா நீரிணையின் வட வாயிலில் நுழைந்தது. அங்கே கடல் ஆழம் குறைந்தது, தட்டையானது. வேகம் தேய்ந்தது.

வேகம் குறைந்தால் ஆபத்து குறைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நெரிசலான சாலையில் முன்வண்டி வேகம் குறைக்கும்போது பின்வண்டிகள் நெருங்கி வந்து அடைவதுபோல, ஆழமற்ற நீரில் அலையின் முன்பகுதி தயங்க, பின்பகுதி வந்து சேர்ந்து உயரம் கூடுகிறது. நடுக்கடலில் படகோட்டி உணராத அளவுக்குத் தாழ்ந்திருந்த அலை, வட மலேசியக் கரையில் பெரும்பாலும் 2 முதல் 4 மீட்டர் வரை எழுந்தது. ஆச்சேயின் மேற்குக் கரையில் 30 மீட்டருக்கு மேல் ஏறிய நீரோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் மனிதன் மூழ்க இரண்டு மீட்டரே அதிகம்.

ஆழமற்ற கடலும் சுமத்திராவும் கெடாவுக்கு நான்கு மணி நேரத்தைக் கொடுத்தன. அந்த நான்கு மணி நேரம் வீணாகப் போனது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இல்லை. சுமத்திரா நடுக்கம் காலையிலேயே பினாங்கின் உயர்ந்த கட்டடங்களில் உணரப்பட்டது. ஆனாலும் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு அலை கரையேறியபோது மக்கள் கடற்கரையில்தான் இருந்தார்கள். பினாங்குத் தீவின் பாசிர் பாஞ்சாங்கில் விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்கள் நீரில் போயின. மலேசியாவில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் பினாங்கில் இறந்தார்கள், அதற்கடுத்து கெடாவில். கெடாவின் இழப்பில் பெரும்பங்கு கோத்தா கோலா மூடாவைச் சுற்றிய மீனவக் கம்போங்குகளில் நேர்ந்தது.

நீண்ட கெடாக் கரையில் அந்த ஒரு மூலைக்கு ஏன் இவ்வளவு அடி? கரையை வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை நடந்து பார்த்தால் விடை தெரியும்.

வடமேற்கிலிருந்து வந்த அலையை முதலில் வாங்கியது லங்காவி. அதன் மேற்குக் கரையில் கோலா தெரியாங் வட்டாரம் அடிபட்டது, படகுத்துறைகள் சிதைந்தன. பந்தாய் செனாங் கடற்கரைக்கு முன்னே ரெபாக், தெப்போர் முதலிய சிறு தீவுகள் நிற்கின்றன. அவை அலையின் முதல் வேகத்தை உடைத்தன. லங்காவிக் கூட்டம் முழுவதும் தனக்குப் பின்னால் இருந்த பெர்லிஸ் கரைக்கும் கெடாவின் வட கரைக்கும் ஓரளவு மறைப்பாக நின்றது.

அதற்குத் தெற்கே அலோர் ஸ்டார் சமவெளி. மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியத்தின் வயல்கள் கண்ணுக்கு எட்டிய வரை விரியும். இங்கே கடலுக்கும் வயலுக்கும் இடையே இரண்டு காவல்கள் உண்டு: வெளியே சேற்றுத் திட்டும் சதுப்புக் காட்டுப் பட்டையும், உள்ளே உப்புநீரைத் தடுக்கக் கட்டிய மண்கரையும். நீர் வற்றும்போது கோலா கெடாவிலோ கோலா சாலாவிலோ நின்று பார்த்தால் கடல் வெகுதூரம் விலகிச் சாம்பல் நிறச் சேறாகக் கிடக்கும். கடற்கரைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கும் காட்சி அது. அந்தச் சேற்றின் மீது உருண்டு வரும் அலை ஒவ்வொரு மீட்டருக்கும் ஆற்றலை இழக்கிறது. சேறு தானும் அசைந்து கொடுத்து அலையின் விசையை விழுங்குகிறது. வெண்மணல் கடற்கரையை விட இந்த அழகற்ற சேறு கெடாவுக்கு அதிக நன்மை செய்கிறது.

இன்னும் தெற்கே யான். இங்கே குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரத்தில் கடலோரத்திலேயே எழுந்து நிற்கிறது. மலையின் காலடியில் கரை குறுகலானது. ஆனால் ஏறித் தப்ப மேடு பக்கத்திலேயே இருக்கிறது. ஜெராயைத் தாண்டினால் மெர்போக் கழிமுகம். வடகரையில் தஞ்சோங் டாவாய், எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. தஞ்சோங் டாவாய்க்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வராத சுங்கை பட்டாணித் தமிழ்க் குடும்பம் அரிது. படகேறி எதிர்க்கரைக்குப் போய்ப் பிள்ளைகளை மணலில் விளையாடவிட்டுத் திரும்புவதும் பல ஆண்டுப் பழக்கம். அந்தப் படகிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரிவது மெர்போக் அலையாத்திக் காடு. உள்ளே எண்ணற்ற ஓடைகள் பிரிகின்றன. கண்டல் மரங்களின் முட்டுவேர்கள் ஆள் உயரத்துக்கு வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றியிருக்கும். ஓடையோரத்தில் முளைக்குச்சிகள் போல மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். கழிமுகத்துக்குள் புகும் நீர் இங்கே கிளைகிளையாகப் பிரிந்து, வேர்களில் உராய்ந்து, பரப்பில் விரிந்து உயரம் தாழ்கிறது. வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது என்பதுதான் இந்தக் காட்டின் முதல் பயன்.

அதற்கும் தெற்கே, கெடாவின் கடைசி எல்லையில், சுங்கை மூடா கடலில் கலக்கிறது. தென்கரை பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை, வடகரை கோத்தா கோலா மூடா. பினாங்குத் தீவு பட்டர்வொர்த்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் இந்த ஆற்றுவாய் தீவின் வடமுனையைத் தாண்டி இருக்கிறது. வடமேற்கே அந்தமான் கடலை நோக்கிய வாயில் திறந்தே கிடக்கிறது. மறைக்கத் தீவு இல்லை. கரையில் மெர்போக் போல அகன்ற சதுப்புக் காடும் இல்லை. வீடுகள் தாழ்ந்த மணற்பரப்பில், கடலை ஒட்டியே இருந்தன.

ஆற்றுவாய் இயல்பிலேயே பலவீனமான இடம். கரையோர மணல்மேடு எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் ஆறு வெளியேறும். உள்ளே வர விரும்பும் கடலுக்கும் அதுதான் வாசல். ஆற்று வழியே ஏறும் நீர் மேட்டின் பின்பக்கத் தாழ்நிலத்துக்குச் சுற்றி வரும். கடற்பக்கமே பார்த்து நிற்பவருக்கு முதுகுப்புறம் வெள்ளம் வருவது தெரியாது. மீனவர்களோ ஆற்றுவாயை விட்டு வேறெங்கும் குடியிருக்க முடியாது. படகு கட்ட, வலை உலர்த்த, மீன் இறக்க அவர்களுக்கு அதுவே துறை. கோத்தா கோலா மூடாவில் பாசார் பீசிக் என்னும் மீன் ஏலம் பெயர்பெற்றது. மீனைக் கூடையோடு இறக்கியதும் வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து விற்பவரின் காதில் விலையைக் கிசுகிசுத்துவிட்டு நகர்வார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அதிக விலை சொன்னவருக்கு மீன் போகும். அடுத்தவர் கேட்ட விலை யாருக்கும் தெரியாது. தலைமுறைகளாக அந்தக் கரையில் வேர்விட்ட வாழ்க்கை இது.

அன்று அந்தப் படகுகளே ஆயுதமாயின. அலையின் நீர் மட்டும் வீட்டை இடிப்பதில்லை. அது தூக்கி வரும் படகு, மரம், தகரம், தூண் எல்லாம் சேர்ந்து இடிக்கின்றன. கோத்தா கோலா மூடாவின் சுனாமிக் காட்சியகத்துக்குப் போகிறவர்கள் சிதைந்த படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னத்தைப் பார்க்கலாம். வீடிழந்த குடும்பங்களுக்குக் கடலை விட்டு உள்ளே தள்ளி, பெர்மாத்தாங் காத்தோங்கில் புதிய வீடுகள் கட்டப்பட்டன.

பெர்மாத்தாங் என்பவை பழைய கடற்கரை மணல்மேடுகள். கெடாவின் தென்பகுதியிலும் செபராங் பிறையிலும் அவை கரைக்கு இணையாக வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. பண்டைய கம்போங்குகளும் சாலைகளும் அந்த மேடுகளின் மேல்தான் நீண்டன. இடையிலுள்ள பள்ளங்களில் நெல் விளைந்தது. ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் கடல் நின்ற இடம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் சேர்ந்து கரையை மேற்கே நகர்த்தின.

பழைய கெடாவான கடாரத்தின் வரலாறு இந்த நகர்வின் வரலாறுதான். 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை கண்ட கரை இன்றைய கரை அன்று. பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய துறையூர்களில் ஒன்றான சுங்கை மாஸ் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009-லிருந்து அகழ்ந்த சுங்கை பத்துவில் இரும்பு உலைகளும் படகுத்துறைகளின் எச்சங்களும் கிடைத்தன. அந்தத் துறைகளைச் சுற்றி இன்று தண்ணீர் இல்லை. செம்பனைத் தோட்டம்தான் இருக்கிறது. கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அந்த நாகையும் இந்தக் கடாரமும் ஒரே நாளில் ஒரே கடலால் அடிபட்டன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆழ்கடலுக்கு நேர் எதிரே, தட்டையான கரையில், மக்கள் நெருக்கமாக வாழ்ந்த மாவட்டம் அது.

மணல்மேடுகள் காவல் மட்டுமல்ல, ஆவணமும் ஆகும். தாய்லாந்தின் புக்கெட்டுக்கு வடக்கே பிரா தோங் தீவில் மேடுகளுக்கு இடைப்பட்ட ஈரப் பள்ளங்களை அறிஞர்கள் தோண்டினார்கள். கரிய மண்ணுக்கு நடுவே வெண்மணல் அடுக்குகள் கிடைத்தன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு பழைய ஆழிப்பேரலை விட்டுப்போன மணல். 2004-க்கு முந்திய பெரிய அலை 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று அவர்கள் 2008-இல் வெளியிட்டனர். ஆக 2004-இல் நடந்தது இந்தக் கடலுக்குப் புதியதல்ல. மக்கள் நினைவை விட்டு அகன்றுபோகும் அளவுக்கு நெடிய இடைவெளியில் வருகிறது, அவ்வளவுதான்.

கரையின் வடிவத்தை மனிதன் கெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். தென்மேற்குக் கரையில் இக்கடுவையில் பவளப் பாறைகள் காக்கப்பட்டிருந்தன. அங்கே அலை இரண்டு, மூன்று மீட்டர் எழுந்து 50 மீட்டர் அளவில் நின்றது. சில கிலோமீட்டர் தள்ளிப் பெரலியாவில் பவளப் பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டன. அங்கே அலை பத்து மீட்டர் எழுந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு ஒரு பயணிகள் ரயிலைப் புரட்டிப் போட்டது அங்கேதான். கிழக்கே யாலாவில் ஒரு விடுதி, கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் முன்னிருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அலை வந்தபோது அந்த விடுதி முற்றாக அழிந்தது. காட்சிக்காகக் காவலை விற்ற இந்த நிகழ்ச்சியைக் கடற்கரையில் கட்டடம் எழுப்பும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும்.

சதுப்புக் காடுகள் காத்தனவா என்பதில் அறிஞர்களிடையே உண்மையான விவாதம் நடந்தது. பரங்கிப்பேட்டைக் கரையில் 18 மீனவக் கிராமங்களை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். கெர், பேர்டு, கேம்பல் என்னும் மூவர் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் என்று வாதிட்டார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தே சு யீன், கோ ஹாக் லை குழுவினர் கணித வழியில் பார்த்தார்கள். காட்டின் அகலமும் அடர்த்தியும் அலையின் நீளமும் சேர்ந்தே பயனை முடிவு செய்கின்றன என்பது அவர்கள் கண்டது. பத்து மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் எந்த ஊரும் தப்பாது.

உயரமும் தூரமும் முதல் காவல், காடு இரண்டாவது. விவாதத்தின் இருபக்கத்தையும் பார்க்கும்போது இப்படிச் சொல்வதே நேர்மை. ஆனால் கெடா போன்ற சேற்றுக் கரையில் இவ்விரண்டையும் பிரித்து வைக்க முடியாது. சேற்றைப் பிடித்து வைப்பதே காடுதான். காட்டை வெட்டினால் சேறு கரையும், கரை உள்வாங்கும், முன்கடல் ஆழமாகும். ஆழமான முன்கடலில் வரும் அலை ஆற்றல் இழக்காமல் வரும். மெர்போக்கில் 1980-களிலிருந்து இறால் குளங்களுக்காகக் காட்டின் பகுதிகள் வெட்டப்பட்டன. ஒரு குளத்துக்காகக் காட்டை அழிக்கும்போது மரங்களோடு வருங்காலத்து நிலமும் போகிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் மலேசிய இயற்கை நண்பர்கள் அமைப்பையும் நெடுங்காலம் வழிநடத்திய, தமிழ்நாட்டில் பிறந்த எஸ். எம். முகமது இத்ரிஸ், கரையோர மீனவர்களோடு நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2019-இல் அவர் மறைந்தார்.

இதிலெல்லாம் தோட்டத் தமிழருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் கடலோரத்தில் அமையவில்லை. நீர் தேங்காத செம்மண் மேடு பால்மரத்துக்கு வேண்டும். அதனால் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று உள்நாட்டு மேட்டிலேயே லயங்கள் எழுந்தன. தமிழ்க் குடியிருப்புகளில் பெரும்பாலானவை அன்று தப்பியதற்குக் காரணம் அந்த மேடு. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் மக்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கு இறங்கி வந்துவிட்டார்கள். சுங்கை பட்டாணி நகரமோ மேற்கே மெர்போக் ஆற்றை நோக்கி விரிகிறது. வீடு வாங்குகிறவர் மாதத் தவணையைப் பார்க்கிறார், பள்ளி எவ்வளவு தூரம் என்று கேட்கிறார். நிலம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், அது பழைய மேடா, நிரப்பிய சதுப்பா என்று கேட்பவர் குறைவு. சுனாமி நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வரலாம். கடல்மட்ட உயர்வும் பெருமழை வெள்ளமும் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. தாழ்நிலத்தின் பலவீனம் மூன்றுக்கும் ஒன்றே.

எச்சரிக்கை ஏற்பாடு இப்போது இருக்கிறது. 2004-க்குப் பின் மலேசிய வானிலை ஆய்வுத் துறை சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தது, கரையோரங்களில் சைரன்கள் நிறுவப்பட்டன. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திராவின் மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு வட மாநிலக் கரைகளில் மக்கள் வெளியேறினார்கள். கடலடி நிலம் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் அது. அதனால் பேரலை எழவில்லை. ஆனாலும் சைரன் ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை நிலம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். பந்தாய் மெர்டேக்காவுக்குச் சுற்றுலா கூட்டிப் போகும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆற்றுப் பக்கம் ஓடவிடக் கூடாது. கடலுக்குச் செங்குத்தாக உள்ளே போக வேண்டும், அல்லது உறுதியான மாடிக்கட்டடத்தில் ஏற வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பவும் கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரியதாக வரலாம்.

இனி ஒரு வேண்டுகோள். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் வரைவு உள்ளூர்த் திட்டம் முடிவாகும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் எழுதித் தர யாருக்கும் உரிமை உண்டு. அடுத்த முறை அந்த வரைபடங்கள் காட்சிக்கு வரும்போது சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங் வட்டார ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஆளனுப்பிப் பார்க்க வேண்டும். மெர்போக் கழிமுகத்திலும் மூடா ஆற்றுவாயிலும் சதுப்புக் காடு என்று பச்சையாக இருந்த இடம் எங்கே வேறு நிறமாக மாறியிருக்கிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காரணம் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும்.